த்ரீ மைல் ஐலண்ட், 1979: 460 கிலோ ஹைட்ரஜனின் கணக்கு

பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மேல் நீராவியைச் செலுத்தினால் ஹைட்ரஜன் வெளிவரும் என்று பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். 3 இரும்பு + 4 நீர் → இரும்பின் கருப்பு ஆக்சைடு + 4 ஹைட்ரஜன். சமன்பாட்டைச் சமப்படுத்தி, இரண்டு மதிப்பெண் வாங்கி, அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். அதே வகை வினை, இரும்புக்குப் பதில் சிர்கோனியத்தில், டன் கணக்கில், ஓர் அணு உலைக்குள் நடந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் 1979 மார்ச் 28ஆம் தேதி பார்த்தது.

இடம் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம். ஹாரிஸ்பர்க் நகருக்குத் தெற்கே சஸ்குவெஹானா ஆற்றின் நடுவே உள்ள த்ரீ மைல் ஐலண்ட் என்ற தீவில் இரண்டு அணு உலைகள் இருந்தன. விபத்து இரண்டாவது உலையில். அதன் வெப்பத் திறன் 2,772 மெகாவாட். இந்த விபத்தில் மனிதத் தவறுகள் பற்றியும் கட்டுப்பாட்டு அறை வடிவமைப்பு பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. இங்கே வாயுவின் கணக்கை மட்டும் பின்தொடரப் போகிறேன். காரணம் இருக்கிறது. உலைக்குள் என்ன நடந்தது என்று முழுமையாகத் தெரியப் பல ஆண்டுகள் ஆயின. ஆனால் அதன் பெரும்பகுதியை, மேல்நிலைப் பள்ளி வேதியியலைக் கொண்டே, அன்று பிற்பகலிலேயே கண்டுபிடித்திருக்க முடியும்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதிகாலை 4 மணிக்கு நீராவி ஜெனரேட்டர்களுக்கு நீர் அனுப்பும் பம்ப்கள் நின்றன. டர்பைன் நின்றது, சில நொடிகளில் உலையும் தானாக அணைந்தது. அழுத்தம் கூடியதால் திறந்த ஒரு வால்வு, மூட வேண்டிய நேரத்தில் மூடவில்லை. பலகையில் இருந்த விளக்கோ, மூடுவதற்கான மின் கட்டளை போனதா என்பதை மட்டும் காட்டியது. வால்வு உண்மையில் மூடியதா என்பதைக் காட்டவில்லை. அது 2 மணி 22 நிமிடம் திறந்தே கிடந்தது. குளிர்நீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. உலையில் நீர் நிறைந்திருப்பதாக நினைத்த ஊழியர்கள் அவசர நீர் செலுத்தலைக் குறைத்தார்கள். ஆறு மணிக்குள் சுற்றோட்ட பம்ப்கள் நான்கும் நிறுத்தப்பட்டிருந்தன. அதன் பிறகு உலை மையத்தின் மேல்பகுதி நீருக்கு வெளியே வந்தது. எரிபொருள் கோல்களைச் சுற்றி நீராவி மட்டும் மிஞ்சியது.

ஒரு கிலோ சிர்கோனியத்துக்கு எவ்வளவு?

எரிபொருள் கோல்களின் உறை சிர்கலாய் என்ற கலப்புலோகம். 98 சதவீதத்துக்கு மேல் சிர்கோனியம்தான். நியூட்ரானை அதிகம் விழுங்காது, வழக்கமான வெப்பநிலையில் நீரில் எளிதில் அரிபடாது என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். நீராவியோடு அது வினைபுரியும் விதம் இது:

சிர்கோனியம் + 2 நீராவி → சிர்கோனியம் டைஆக்சைடு + 2 ஹைட்ரஜன்

மோலார் நிறைகள்: சிர்கோனியம் 91.22 கிராம், நீர் 18.015, சிர்கோனியம் டைஆக்சைடு 123.22, ஹைட்ரஜன் 2.016. ஒரு கிலோ சிர்கோனியம் என்றால் 1000 ÷ 91.22 = 10.96 மோல். அது 21.92 மோல் நீராவியைக் கேட்கும், அதாவது 395 கிராம். அதே 21.92 மோல் ஹைட்ரஜன் வெளிவரும், அதாவது 44.2 கிராம். ஆக்சைடு 1,351 கிராம். கூட்டிப் பார்த்தால் இந்தப் பக்கம் 1,395, அந்தப் பக்கமும் 1,395. சரி.

44 கிராம் என்பது கேட்பதற்குச் சிறிய எண். கனஅளவில் பார்க்க வேண்டும். 0° செல்சியஸ், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் 21.92 மோல் என்பது 491 லிட்டர். ஒரு கிலோ உலோகத்திலிருந்து அரை கன மீட்டர் வாயு.

இந்தச் சமன்பாட்டில் பலர் கவனிக்காமல் போகும் ஒன்று உண்டு. எனக்கு இதுதான் முழு நிகழ்வின் சாவியாகத் தெரிகிறது. இடப்பக்கம் 2 மோல் வாயு, வலப்பக்கமும் 2 மோல் வாயு. அதாவது வினையால் வாயு மோல்களின் எண்ணிக்கை கூடுவதில்லை. வெப்பநிலை மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், அழுத்தமானியைப் பார்த்து வினை நடப்பதைக் கண்டுபிடிக்கவே முடியாது. மாறுவது வாயுவின் குணம். நீராவி குளிர்ந்தால் நீராகிவிடும், இடத்தைக் காலி செய்துவிடும். ஹைட்ரஜன் எவ்வளவு குளிர்ந்தாலும் அங்கே நீராகாது. நீராவி ஜெனரேட்டருக்குப் போகும் பெரிய குழாய்கள் இந்த உலையில் மேலே ஏறி வளைந்து இறங்குபவை. அந்த வளைவின் உச்சியில் நீராவியோடு ஹைட்ரஜனும் தேங்கியது. ஊழியர்கள் பம்ப் இல்லாமல் இயற்கைச் சுற்றோட்டத்தால் உலையைக் குளிர்விக்கப் பார்த்தார்கள், நடக்கவில்லை. இரவு 7.50க்கு ஒரு பம்பை ஓட்டிய பிறகுதான் நீர் சீராகச் சுற்றியது.

அடுத்தது வெப்பம். சிர்கோனியம் டைஆக்சைடின் உருவாதல் என்தால்பி மோலுக்கு −1,101 கிலோஜூல். இரண்டு மோல் நீராவிக்கு −484. வித்தியாசம் 617 கிலோஜூல் வெளியே வருகிறது. ஒரு கிலோ உலோகத்துக்கு 6.8 மெகாஜூல். இரும்போடு ஒப்பிட்டால் இதன் தீவிரம் புரியும். ஒரு கிலோ இரும்பு முழுக்க நீராவியோடு வினைபுரிந்தால் 23.9 மோல் ஹைட்ரஜன் தரும், சிர்கோனியத்தை விடச் சற்று அதிகம். ஆனால் அதன் வெப்பம் கிலோவுக்கு 0.9 மெகாஜூல்தான். தவிர, இரும்பின் வினை ஹைட்ரஜன் சேரச் சேரத் திரும்பிப் போகவும் கூடியது. சிர்கோனியத்தின் வினை அப்படிப் பின்வாங்காது. உலோகமோ நீராவியோ தீரும் வரை ஓடும். அதன் வெப்பம் உலோகத்தை மேலும் சூடாக்கும், சூடான உலோகம் மேலும் வேகமாக வினைபுரியும்.

உலைக்குள் எவ்வளவு உலோகம்?

உலை மையத்தில் 177 எரிபொருள் தொகுதிகள். ஒவ்வொன்றும் 15க்கு 15 சதுரம், அதாவது 225 இடங்கள். அதில் 17 இடங்கள் கட்டுப்பாட்டுக் கோல்களுக்கும் கருவிகளுக்குமான குழாய்கள், மீதி 208 எரிபொருள் கோல்கள். ஆக 36,816 கோல்கள். உறையின் வெளிவிட்டம் 10.92 மில்லிமீட்டர், சுவரின் தடிமன் 0.67 மில்லிமீட்டர், நீளம் ஏறக்குறைய 3.9 மீட்டர். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 6.55 கிராம் என்று போட்டால் ஒரு கோலின் உறை 550 கிராம் சொச்சம் வருகிறது. எல்லாக் கோல்களுக்கும் 20 டன்னுக்கு மேல். மற்ற குழாய்களையும் பாகங்களையும் சேர்த்து மொத்தம் சுமார் 23 டன் என்று எடுத்துக்கொள்வார்கள்.

23,000 கிலோவும் வினைபுரிந்தால் 23,000 × 0.0442 = 1,017 கிலோ ஹைட்ரஜன். இதை உச்சவரம்பாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

விபத்துக்குப் பின் நடந்த ஆய்வுகள் சொன்னது: ஏறத்தாழ 45 சதவீத சிர்கோனியம் ஆக்சைடாகியிருக்கிறது, வெளிவந்த ஹைட்ரஜன் சுமார் 460 கிலோ. இரண்டு எண்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா? 10,350 கிலோ × 0.0442 = 457. பொருந்துகின்றன. (உலைக்குள் துருப்பிடிக்காத எஃகும் இருந்தது, அதுவும் கொஞ்சம் ஆக்சைடாகியிருக்கும். சூடான சிர்கோனியம் கொஞ்சம் ஹைட்ரஜனைத் தனக்குள் இழுத்தும் கொள்ளும். இந்தத் தோராயத்தில் அவை பெரிதாகத் தெரியாது.)

இதற்குச் செலவான நீராவி 4.1 டன். வெளிவந்த வெப்பம் 70 கிகாஜூல். உலை அணைந்து இரண்டரை மணி நேரம் கழித்து அதன் சிதைவு வெப்பம் (அணைந்த பிறகும் கதிரியக்கச் சிதைவால் வந்துகொண்டிருக்கும் வெப்பம்) முழுத் திறனில் ஏறக்குறைய ஒரு சதவீதம், 28 மெகாவாட் என்று வைக்கலாம். 70 கிகாஜூல் என்பது அந்த 28 மெகாவாட் 40 நிமிடத்துக்கு மேல் ஓடிய அளவு. அணைந்த உலை தன் உறையையே எரித்து இன்னொரு அடுப்பை மூட்டிக்கொண்டது போல.

எத்தனை நிமிடம்?

வேதிச் சமன்பாடு எவ்வளவு என்பதைச் சொல்லும், எப்போது என்பதைச் சொல்லாது. அதற்கு வினைவேகம் வேண்டும். 1962இல் பேக்கர், ஜஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் தந்த சூத்திரம் இன்றும் உரிமக் கணக்குகளில் வருகிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் வினைபுரிந்த உலோகத்தின் மில்லிகிராமை வர்க்கப்படுத்தினால், அது நேரத்துக்கு நேர்விகிதம். பெருக்கும் மாறிலி 3.33 கோடி, அதோடு வெப்பநிலையைப் பொறுத்த ஓர் அடுக்குக்குறி உறுப்பு, செயலூக்க ஆற்றல் மோலுக்கு 45,500 கலோரி. வர்க்கம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஆக்சைடு படலம் தடிக்கத் தடிக்க ஆக்சிஜன் அதைக் கடந்து உலோகத்தைத் தொட அதிக நேரம் பிடிக்கிறது.

இந்த உலையின் உறையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கீழே 441 மில்லிகிராம் உலோகம் இருக்கிறது. அதில் 17 சதவீதம், அதாவது 75 மில்லிகிராம், ஆக்சைடாக எவ்வளவு நேரமாகும்? 17ஐ நான் சும்மா எடுக்கவில்லை. அதற்கு மேல் ஆக்சைடாகும்படி விடக்கூடாது என்று அமெரிக்க விதி அப்போதே சொல்லியிருந்தது, வெப்பநிலை 1,204 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பதோடு சேர்த்து.

1,000 டிகிரியில் அதற்கு மூன்று மணி நேரம் ஆகும். 1,204 டிகிரியில் 15 நிமிடம். 1,500 டிகிரியில் 69 நொடி.

1,500 டிகிரியில் முழுச் சுவரும் ஆக்சைடாக 40 நிமிடம் போதும் என்று அதே சூத்திரம் சொல்கிறது. இதெல்லாம் தேவையான நீராவி கிடைத்தால்தான். மையத்தின் மேல்பகுதியில் நீராவி தீர்ந்துபோன நேரங்களில் வினையைக் கட்டுப்படுத்தியது உலோகமல்ல, நீராவிதான். காலை 6.54க்கு ஒரு பம்பைச் சிறிது நேரம் ஓட்டினார்கள். காய்ந்து கிடந்த மையத்தின் மேல் திடீரென்று நீர் பாய்ந்தது. குளிர்விக்க வந்த நீர், தடைபட்டிருந்த வினைக்கு வேண்டிய நீராவியையும் கொடுத்தது. நொறுங்கும் நிலையில் இருந்த உறைகளும் அதில் உடைந்தன.

அன்று காலை மையத்தின் வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள்கள் இதைச் சொல்லத்தான் செய்தன. 700 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியதும் கணினி எண்ணுக்குப் பதில் கேள்விக்குறிகளை அச்சிட்டது. வோல்ட்மீட்டர் வைத்து நேரடியாக அளந்தபோது சில இடங்களில் 2,000 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வந்தது, சில இடங்களில் மிகக் குறைவாக வந்தது. இவ்வளவு வேறுபாடு இருக்க முடியாது, கருவிகள் கெட்டிருக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 2,000 ஃபாரன்ஹீட் என்பது 1,093 செல்சியஸ். மேலே சொன்ன எண்களுக்கு நடுவில் அதை வைத்துப் பார்த்தால், அந்த வோல்ட்மீட்டர் அளவீடு எவ்வளவு பெரிய செய்தி என்பது தெரியும்.

பிற்பகல் 1.50

ஹைட்ரஜன் உலைக்குள்ளேயே அடைபட்டிருக்கவில்லை. திறந்த வால்வு வழியாக ஒரு தொட்டிக்குப் போய், அந்தத் தொட்டியின் பாதுகாப்புத் தகடு கிழிந்து, கான்கிரீட் கவசக் கட்டடத்துக்குள் வந்தது. முற்பகலில் உலையின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டுமென்றே வெளியேற்றும் பாதையைத் திறந்தபோது இன்னும் வந்தது. பிற்பகல் 1.50க்கு அது பற்றி எரிந்தது. கட்டுப்பாட்டு அறையில் மந்தமான ஒரு சத்தம் கேட்டது. காற்றோட்டக் குழாயின் கதவு எங்கோ அடித்துக்கொண்டது என்று நினைத்தார்கள். கட்டட அழுத்தத்தைப் பதியும் தாளில் சதுர அங்குலத்துக்கு 28 பவுண்ட் வரை ஒரு கூர்மையான கோடு ஏறி இறங்கியது. நீர் தெளிக்கும் பம்ப்கள் தாமாக ஓடத் தொடங்கின, சில நிமிடங்களில் நிறுத்தப்பட்டன. கோட்டை மின்கோளாறு என்று விட்டுவிட்டார்கள். அது ஹைட்ரஜன் எரிந்ததன் தடயம் என்று உணர்ந்தது மறுநாள் இரவு வாக்கில்.

மின்கோளாறாக இருந்தால் தெளிப்பு பம்ப்கள் ஓடியிருக்காது. அவை பல அழுத்த உணரிகள் ஒத்துச் சொன்னால்தான் ஓடும். இந்த ஒரு வாதமே போதும். ஆனாலும் வாயுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம், அது இன்னும் நிறையச் சொல்கிறது.

கட்டடத்தின் உள் கனஅளவு சுமார் 20 லட்சம் கன அடி, 57,000 கன மீட்டர். ஒரு வளிமண்டல அழுத்தம், 37 டிகிரி செல்சியஸ் என்று எடுத்தால் உள்ளே இருந்த காற்று, நல்லியல்பு வாயுச் சமன்பாட்டின்படி:

101,325 × 57,000 ÷ (8.314 × 310) = 22.4 லட்சம் மோல்

வந்து சேர்ந்த ஹைட்ரஜனையும் கூட்டி எரிவதற்கு முன் 24 லட்சம் மோல், 50 டிகிரி என்று வைப்போம். உச்சத்தில் மானி காட்டிய 28 பவுண்ட், வளிமண்டலத்தைக் கூட்டினால் 2.94 லட்சம் பாஸ்கல். எரிந்ததில் மோல்கள் சற்றுக் குறையும், ஏனென்றால் 2 ஹைட்ரஜனும் 1 ஆக்சிஜனும் சேர்ந்து 2 நீராவிதான் ஆகிறது. 23.4 லட்சம் மோல் என்று எடுத்தால் வெப்பநிலை:

2.94 லட்சம் × 57,000 ÷ (8.314 × 23.4 லட்சம்) ≈ 860 கெல்வின்

அதாவது 590 டிகிரி செல்சியஸுக்கு அருகில். தொடக்கத்திலிருந்து 540 டிகிரி ஏற்றம். மாறாக் கனஅளவில் இந்தக் கலவையின் வெப்ப ஏற்புத்திறன் மோலுக்குச் சராசரி 23 ஜூல் என்றால், தேவைப்பட்ட வெப்பம் 24 லட்சம் × 23 × 540 = 29.8 கிகாஜூல். ஒரு மோல் ஹைட்ரஜன் எரிந்தால் மாறாக் கனஅளவில் 241 கிலோஜூல். வகுத்தால் 1.24 லட்சம் மோல். கிலோவில் 250.

சுவர்களும் குழாய்களும் வெப்பத்தைக் கொஞ்சமும் உறிஞ்சவில்லை என்று வைத்து வந்த எண் இது. உண்மையில் உறிஞ்சியிருக்கும், ஆகவே 250 கிலோ என்பது கீழ்வரம்பு. பின்னாளில் விரிவாகச் செய்த ஆய்வு சுமார் 320 கிலோ என்றது. அவ்வளவும் எரிந்து வெப்ப இழப்பே இல்லாமல் இருந்தால் மானி 35 பவுண்ட் காட்டியிருக்க வேண்டும், காட்டியது 28. இடைவெளி நியாயமானதுதான். கட்டடம் 60 பவுண்டுக்கு வடிவமைக்கப்பட்டது என்பதால் தாங்கியது.

இப்போது 250ஐ 0.0442ஆல் வகுத்துப் பாருங்கள். 5,650 கிலோ சிர்கோனியம். மையத்தில் இருந்த 23 டன்னில் கால்வாசி. அந்த ஒற்றைக் கோட்டை நம்பியிருந்தால், புதன்கிழமை மாலைக்குள் "எரிபொருள் உறையில் குறைந்தது நான்கில் ஒரு பங்கு போய்விட்டது" என்று ஒருவர் எழுதிக் காட்டியிருக்கலாம். அன்று பலர் நம்பியது சேதம் சிறியது என்று. 1982 ஜூலையில் உலைக்குள் கேமரா இறக்கியபோது மையத்தின் மேலே சுமார் ஐந்து அடிக்கு வெற்றிடம் தெரிந்தது. ஏறக்குறைய 20 டன் உருகிய பொருள் உலைக் கலனின் அடிக்கு வழிந்திருந்தது என்பது அதற்கும் பின்னால் வந்த செய்தி.

குமிழி

எரிந்தது போக, ஹைட்ரஜனில் ஒரு பங்கு உலைக் கலனின் மேல் மூடிக்குக் கீழே தேங்கி நின்றது. பத்திரிகைகளில் பெரிதாக வந்தது இதுதான். மார்ச் 30 வெள்ளிக்கிழமை ஆளுநர் டிக் தார்ன்பர்க், ஐந்து மைல் சுற்றளவில் உள்ள கர்ப்பிணிகளும் பள்ளி வயதுக்குட்பட்ட குழந்தைகளும் வெளியேறுவது நல்லது என்று அறிவுறுத்தினார். அந்த வார இறுதியில் மக்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: குமிழி வெடிக்குமா?

கண்ணால் பார்க்க முடியாத குமிழியின் அளவை எப்படிக் கண்டார்கள் என்பது அழகான விஷயம். பாயில் விதி. நீர் அமுங்காது, வாயு அமுங்கும். உலையின் அழுத்தத்தைக் கொஞ்சம் மாற்றினால், குமிழி விரிந்தோ சுருங்கியோ நீரைத் தள்ளும். அது அழுத்தமூட்டி என்ற தொட்டியின் நீர்மட்டத்தில் தெரியும். உதாரணத்துக்கு, 1,000 கன அடிக் குமிழியின் அழுத்தத்தை 1,000 பவுண்டிலிருந்து 900க்கு இறக்கினால் அது 1,111 கன அடியாக விரியும். 111 கன அடி நீர் மேலே ஏறும். குமிழியே இல்லையென்றால் மட்டம் பெரிதாக மாறாது. மாற்றத்தை அளந்து, நீரில் கரைந்த வாயுவுக்கும் வெப்பநிலைக்கும் திருத்தம் செய்தால் கனஅளவு கிடைத்துவிடும்.

வெள்ளிக்கிழமை வாக்கில் மதிப்பிட்டது சுமார் 1,000 கன அடி, அழுத்தம் 1,000 பவுண்ட் அளவில், நீரின் வெப்பநிலை 280 ஃபாரன்ஹீட், அதாவது 138 செல்சியஸ். மோலாக மாற்றுவோம்.

68.9 லட்சம் பாஸ்கல் × 28.3 கன மீட்டர் ÷ (8.314 × 411) ≈ 57,000 மோல்

138 டிகிரி நீரின் ஆவியழுத்தம் மொத்தத்தில் ஐந்து சதவீதம் இருக்கும், அதைக் கழித்தால் 54,000 மோல். ஹைட்ரஜனாக 109 கிலோ.

கணக்கைச் சேர்த்துப் பார்க்கலாம். எரிந்தது 320, குமிழியில் 109, ஆக 429. மீதம் சுமார் 30 கிலோ, குளிர்நீரில் கரைந்தும் கட்டடத்தில் எரியாமலும் இருந்தது. உலோகத்தின் பக்கமிருந்து வந்த 460ஐயும் வாயுவின் பக்கமிருந்து வந்த இதையும் வெவ்வேறு வழிகளில் அடைந்திருக்கிறோம். ஒன்று ஆண்டுகள் கழித்து எடுத்த சிதைவுகளை ஆராய்ந்தது, மற்றொன்று அழுத்தமும் வெப்பநிலையும் கனஅளவும் மட்டும். இரண்டும் இவ்வளவு நெருங்கி வருவதைப் பார்க்கும்போது மோல் கணக்கின் மேல் எனக்கு இருக்கும் மரியாதை இன்னும் கூடுகிறது.

ஆக்சிஜன் கணக்கில் வந்த பிழை

வெடிக்க ஹைட்ரஜன் மட்டும் போதாது. குமிழியில் ஆக்சிஜன் ஏறக்குறைய ஐந்து சதவீதம் சேர்ந்தால்தான் கலவை எரியும் எல்லைக்கு வரும். 57,000 மோலில் ஐந்து சதவீதத்துக்கு 3,000 மோல் ஆக்சிஜன் தேவை, 96 கிலோ. அது எங்கிருந்து வரும்? சிர்கோனியம் வினையில் ஆக்சிஜன் வெளிவரவே வராது. முழுவதும் உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரே வழி கதிர்வீச்சு நீரைப் பிளப்பது.

அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் ரோஜர் மேட்சன் தலைமையில் இதைக் கணக்கிட்டவர்கள், கதிர்வீச்சால் ஆக்சிஜன் உண்டாகும் வேகத்தை எடுத்துப் பெருக்கிப் பார்த்து, சில நாட்களில் ஆபத்தான அளவு வந்துவிடும் என்று அஞ்சினார்கள். பெருக்கலில் பிழையில்லை. கணக்கின் ஒரு பக்கம் மட்டும்தான் இருந்தது, அதுதான் பிழை. அதே ஆணையத்தைச் சேர்ந்த விக்டர் ஸ்டெல்லோ இதை ஏற்கவில்லை. நீரில் ஹைட்ரஜன் கரைந்திருக்கும்போது, கதிர்வீச்சு உண்டாக்கும் ஹைட்ராக்சில் துகள்கள் அந்த ஹைட்ரஜனோடு சேர்ந்து மறுபடி நீராகின்றன. அதில் வெளிவரும் ஹைட்ரஜன் அணு, ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஆக்சிஜனையும் தேடிப் பிடித்து நீராக்குகிறது. இது சங்கிலியாகத் தொடரும். இது போன்ற அழுத்த நீர் உலைகளில் சாதாரண நாட்களிலேயே இதற்காக குளிர்நீரில் ஹைட்ரஜனைக் கரைத்து வைக்கிறார்கள், கிலோவுக்குச் சில பத்து மில்லிலிட்டர். அன்று ஏறக்குறைய 65 வளிமண்டல அழுத்தத்தில் ஹைட்ரஜன் நீரின் தலைக்கு மேலே நின்றது. ஹென்றி விதிப்படி (அழுத்தம் கூடக் கூட வாயு நீரில் அதிகம் கரையும்) ஒரு கிலோ நீரில் ஒரு லிட்டருக்கும் மேலே கரைந்திருக்கும். வழக்கத்தைவிடப் பல மடங்கு. ஆக்சிஜன் சேர வாய்ப்பே இல்லை.

ஏப்ரல் 1 ஞாயிற்றுக்கிழமை அதிபர் ஜிம்மி கார்ட்டர் நிலையத்தைப் பார்க்க வந்த நேரத்தில்கூட இந்த வாதம் முடிந்திருக்கவில்லை. கார்ட்டர் கடற்படையில் அணுப் பயிற்சி பெற்றவர். அன்று ஸ்டெல்லோவின் பக்கம்தான் சரியென்று உறுதியானது.

குமிழி குறைந்ததும் அதே ஹென்றி விதியால்தான். உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜன் கரைந்த நீரைச் சுற்றவிட்டு, அழுத்தம் குறைந்த தொட்டிக்குக் கொண்டுவந்தால், சோடா பாட்டிலின் மூடியைத் திறந்த மாதிரி வாயு வெளியேறிவிடும். அழுத்தமூட்டியின் மேலிருந்தும் வாயுவைக் கட்டடத்துக்குள் வெளியேற்றினார்கள். கட்டடத்தில் சேர்ந்ததை ஆக்சிஜனோடு இணைத்து நீராக்கும் கருவி கவனித்துக்கொண்டது. மார்ச் இறுதியில் ஊரை நடுங்க வைத்த குமிழி ஏப்ரல் முதல் வாரத்துக்குள் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குச் சுருங்கியது.

விதியில் இருந்த எண்

விபத்துக்கு முன் இருந்த அமெரிக்க விதி, அவசரக் குளிர்விப்பு சரியாக வேலை செய்தால் உண்டாகும் ஹைட்ரஜன், உறை முழுவதும் வினைபுரிந்தால் வரக்கூடியதில் ஒரு சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. கவசக் கட்டடத்துக்கான ஹைட்ரஜன் ஏற்பாடுகள் அதைப்போல் ஐந்து மடங்கு வரை தாங்கினால் போதும் என்று கருதினார்கள். நம் உச்சவரம்பில் ஐந்து சதவீதம் 51 கிலோ. நடந்தது 460. ஒன்பது மடங்கு.

ஜான் கெமனி தலைமையில் அதிபர் அமைத்த ஆணையம் அதே ஆண்டு அக்டோபரில் அறிக்கை தந்தது. அப்புறம் விதிகளும் மாறின. சிறிய கவசக் கட்டடம் கொண்ட சில வகை உலைகளுக்கு 75 சதவீத உறை வினைபுரிவதாக வைத்துக் கணக்கிட வேண்டும் என்றார்கள். புதிய உலைகளுக்கு 100 சதவீதம். அப்போதும் கட்டடத்தில் ஹைட்ரஜன் சராசரியாக 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் எரிய முடியாதபடி கட்டடத்தை மந்த வாயுவால் நிரப்பி வைத்திருக்க வேண்டும்.

இந்த உலையையே அந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். 1,017 கிலோ என்பது 5.04 லட்சம் மோல். 22.4 லட்சம் மோல் காற்றோடு சேர்ந்தால் 27.4 லட்சம். ஹைட்ரஜன் பங்கு 18 சதவீதம். காற்றில் ஹைட்ரஜன் வெறுமனே எரிவதைத் தாண்டி வெடிப்பலையாக மாறும் கீழ் எல்லையாகப் பாடநூல்கள் நெடுநாளாகத் தரும் எண்ணும் 18தான். அதைப் பத்துக்குக் கீழே கொண்டுவர, இதே அளவு கட்டடத்தில், 2.5 லட்சம் மோலுக்கு மேல், அதாவது சுமார் 515 கிலோ ஹைட்ரஜனை, சேரச் சேர அகற்றியாக வேண்டும். இன்றைய கவசக் கட்டடங்கள் பலவற்றில் மின்சாரமே இல்லாமல் வேலை செய்யும் வினையூக்கித் தகடுகள் கொண்ட பெட்டிகளைச் சுவரோரம் வரிசையாக வைப்பது அந்த வேலைக்குத்தான். எத்தனை பெட்டிகள் வைப்பது என்று தீர்மானிப்பவர் முதலில் போடும் கணக்கு, ஒரு கிலோ சிர்கோனியத்துக்கு 44.2 கிராம் என்பதுதான்.